உடம்புக்கு ஒன்றுமில்லை

மேட்டுப்பாளையத்தில் தொடங்கி
எங்கள் வாசல்வரை கார்கள் நிற்கும் மாதத்தில்
குன்னூர் வீட்டைச் சென்னைக்காரர்களுக்கு
ஆறு நாள் வாடகைக்கு விட்டுவிட்டு
அந்தக் காசில் வந்து இறங்கினோம்
காட்பாடி ஜங்ஷனில்.
அக்னி நட்சத்திரம், ஐந்தாம் நாள்.

வெயிலுக்குத்தான் வந்தோம்.
சொன்னால் யாரும் நம்புவதில்லை.
எங்கள் ஊரில் பனியன் காய மூன்று நாள்.
ஜாடியில் உப்பு தண்ணீராய் நிற்கும்.
அமலோற்பவத்தைச் சுவெட்டர் இல்லாமல் நான் பார்ப்பதே
அவள் குளிக்கப் போகும்போது மட்டும்.

லாட்ஜ்காரர் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்:
"பேஷண்ட் யாரு?"
யாருமில்லை என்றேன்.
"அப்போ ரெண்டு பேருமே அட்டெண்டரா?"
சும்மா, சுத்திப் பாக்க, என்றாள் இவள்.
பேனா நின்றுவிட்டது.
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில்
தலைமுடி நரைக்கும்வரை அறை கொடுத்தவர்;
சும்மா வந்தவர்களை எழுத
அவர் பேரேட்டில் கட்டமில்லை.
எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு
குரலைத் தாழ்த்தி,
"கீழ் ரூமே தர்றேன், படி ஏற வேணாம்" என்றார்.

அடம்பிடித்து மொட்டைமாடி அறையை வாங்கினோம்.
கொண்டுவந்த அத்தனை துணியையும்,
துவைத்து மடித்ததையும் சேர்த்து,
மறுபடி துவைத்தாள்.
கடைசிப் புடவையைக் கொடியில் போடுவதற்குள்
முதல் புடவை அப்பளமாய் விறைத்திருந்தது.
கன்னத்தில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்:
"ஏங்க, தொட்டுப் பாருங்களேன்."

கோட்டைக்கு மாலையில் போனோம்.
அகழிச் சுவரின் கல்
பகலை இன்னும் விடாமல் வைத்திருந்தது.
அதில் முழங்காலைச் சாய்த்து
இலவச ஒத்தடம் என்றாள்.
நுங்கு சீவியவர் ஊர்ப் பெருமை சொன்னார்:
ராஜா இல்லாத கோட்டை,
தண்ணி இல்லாத ஆறு,
சாமி இல்லாத கோயில்,
அப்புறம்...
இவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.
"சாமி திரும்ப வந்துட்டாரும்மா"
என்று இன்னொரு நுங்கைக் கூடப் போட்டார்.
நாலாவது என்னங்க, என்று
லாட்ஜ்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.
தெரியாது என்றேன்.
தெரியும்.

இரவு மாடியில் பாய் விரித்தோம்.
பக்கத்துப் பாயில் மால்டாவிலிருந்து ஒரு குடும்பம்.
மாமனாருக்கு மறுநாள் ஆபரேஷனாம்.
உங்களில் யாருக்கு, என்று
மருமகள் கையை ஆட்டிக் கேட்டாள்.
ஒன்றுமில்லை என்று சொல்லக் கூசியது.
அமலோற்பவம் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.
அந்தப் பெண் எழுந்துபோய்
கடுகெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து
பாவாடை விளிம்பை ஒதுக்கி
தேய்க்கத் தொடங்கிவிட்டாள்,
வேர்வை மூக்கில் சொட்டச் சொட்ட.
வேண்டாம் என்று இவளும் சொல்லவில்லை.

பிறகு எல்லோரும் தூங்கினார்கள்.
மலைக்கு மேல் ஒரு மின்னல், மழையில்லாமல்.
முப்பது வருஷமாய் ஒரே கம்பளிக்குள்
ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறோம்.
அது குளிருக்கு.
இந்தப் புழுக்கத்தில்
ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்தவள்
சுண்டுவிரலை மட்டும் நீட்டி
என் கையின் மேல் வைத்தாளே,
அது எதற்கு என்று
நான் கேட்கவில்லை.

ஆறாம் நாள் காலை மால்டா அறை பூட்டியிருந்தது.
கிண்ணத்தைத் துலக்கி
ஆற்காட்டில் வாங்கிய மக்கன் பேடாப் பெட்டியோடு
வாசலில் வைத்தாள்.
எறும்பு வரும் என்றேன்.
வரட்டும் என்றாள்.

சாவியைக் கொடுத்தபோது
லாட்ஜ்காரர் எழுந்து நின்றார்.
"டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

"அடுத்த மே மாசம்
மறுபடி வரச் சொல்லியிருக்காருங்க."

அவர் தலையாட்டினார்.
பேரேட்டை விரித்து எங்கள் பெயருக்கு எதிரே
நிம்மதியாக எழுதிக்கொண்டார்:
ரிவ்யூ.